கோடு போடலாமா? மதுரையிலிருந்து உலக வரலாறு படிக்க ஒரு வழி

எங்கள் ஆரப்பாளையம் மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி வரலாறு படிக்கிறோம். குரூப் தேர்வு எழுதும் பிள்ளைகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், தையல்கடை வைத்திருப்பவர் ஒருவர், பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் கழித்துப் புத்தகத்தைத் தொடும் அக்காக்கள் மூன்று பேர். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் கேட்பது ஒன்றுதான்: "சார், உலக வரலாறுன்னா கடல் மாதிரி இருக்கே, எங்க கால வைக்கிறது?"

நான் கால் வைத்த இடத்தில் வைக்காதீர்கள். பல வருஷங்களுக்கு முன் பழைய புத்தகக் கடையில் எண்ணூறு பக்கத்துக்கு ஒரு தடிமனான உலக வரலாறு வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதாகத் திட்டம். நான்காம் ஹென்றி, ஏழாம் கிரிகோரி, மூன்றாம் இன்னோசென்ட் என்று போப்புகளும் ராஜாக்களும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அறுபதாம் பக்கத்தில் மூடினேன். அப்புறம் இரண்டு வருஷம் அந்தப் புத்தகம் அரிசி டப்பா மூடிக்குக் கனமாக இருந்தது. புத்தகத்தின் மேல் தப்பில்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்த எதோடும் அது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். மதுரைக்காரருக்கு மதுரையே முளைக்குச்சி. மாட்டை முளையில் கட்டிவிட்டால் எவ்வளவு தூரம் மேய்ந்தாலும் திரும்பி வந்துவிடும். இடைக்காலம் முதல் நவீன காலம் வரை, அதாவது சுமார் 1200-லிருந்து இன்றுவரை, இந்த ஊரைத் தொடாமல் போன பெரிய சங்கதி குறைவு.

முதல் படி: நோட்டு

நூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். விரித்தால் இடது பக்கம் மதுரையும் சுற்றுவட்டாரமும், வலது பக்கம் உலகத்தின் மற்ற ஊர்கள். ஒரு விரிப்புக்கு இருபத்தைந்து வருஷம். 1200-லிருந்து 2000 வரை முப்பத்திரண்டு விரிப்புதான் ஆகும். மீதிப் பக்கங்கள் கேள்வி எழுத.

ஏதாவது ஒரு வருஷம் கண்ணில் பட்டால் அதற்குரிய பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதா? அதே வருஷத்தை ஒட்டி அங்கே என்ன நடந்தது என்று தேடிப் போங்கள். பாடம் என்பது இந்தத் தேடல்தான்.

ஒரு விதி மட்டும் கறாராக வைத்திருக்கிறோம். இடதும் வலதும் அருகருகே இருப்பதாலேயே சம்பந்தம் வந்துவிடாது. உண்மையிலேயே ஒன்று இன்னொன்றைத் தள்ளியிருந்தால்தான் நடுவில் கோடு போடலாம். முதலில் பென்சிலில் கோடு. இரண்டு தனித்தனிச் சாட்சி கிடைத்த பிறகு பேனாவில்.

உதாரணத்துக்கு, இங்கிலாந்தின் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டாவுக்குச் சம்மதித்து முத்திரை வைத்தது 1215. முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்தது 1216. பக்கத்துப் பக்கத்து வருஷம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கோடு கிடையாது. அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது.

இன்னொன்று பாருங்கள். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 9-ஆம் தேதி, பாரிசில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். இதற்குக் கோடு போடலாமா? எங்கள் மாடியில் ஒரு சாயங்காலம் முழுக்க இதே வாக்குவாதம். கடைசியில் முடிவானது இது: பாரிஸ் ஆட்சி மாற்றத்துக்கும் கயத்தாறுக்கும் நேர்க்கோடு இல்லை. ஆனால் ஒரு வருஷம் பின்னால் போங்கள். 1798-ல் நெப்போலியன் எகிப்தில் படையோடு இறங்கினார். அங்கிருந்து திப்பு சுல்தானுக்குக் கடிதமும் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவுக்குள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி திப்புவை முதலில் முடிக்கப் பார்த்தார். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது. மைசூர்ச் சண்டை ஓய்ந்ததும் கம்பெனிப் படைக்குத் தெற்கே பாளையங்கள் பக்கம் திரும்பக் கை ஒழிந்தது. ஆக, எகிப்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு வளைந்த கோடு உண்டு. அதைப் போட்ட அன்றைக்குத்தான் தையல்காரர் அண்ணன், "இப்பத்தான் சார் புரியுது, நெப்போலியன் எதுக்குப் படிக்கணும்னு" என்றார்.

இரண்டாம் படி: ஆறு வருஷங்கள்

மனப்பாடம் பிடிக்காதவர்களும் ஆறு வருஷத்தை மட்டும் நெட்டுருப் போடத்தான் வேண்டும். 1258, 1348, 1498, 1763, 1869, 1945.

1258-ல் மங்கோலியர் பாக்தாத்தை அழித்தார்கள். இஸ்லாமிய உலகின் தலைநகரம் சாய்ந்தது. 1348-ல் கறுப்புச் சாவு என்னும் கொள்ளைநோய் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்தது. அந்தச் சில வருஷங்களில் அங்கே குறைந்தது மூன்றில் ஒருவர் போய்விட்டார்கள். வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது, மேற்கு ஐரோப்பாவில் பண்ணையடிமை முறை ஆட்டம் கண்டது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை ஏழாண்டுப் போரை முடித்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கும் நமக்கும் நடுவில் ஆப்பிரிக்காவைச் சுற்றும் வேலை மிச்சமானது. 1945 சொல்லவே வேண்டாம்.

பிரெஞ்சுப் புரட்சியின் 1789 எங்கே என்று சண்டைக்கு வருவீர்கள். அது எப்படியும் தானாக மண்டையில் ஏறிவிடும். 1763 ஏறாது, ஆனால் நம்ம ஊருக்கு அதுதான் முக்கியம். ஏழாண்டுப் போரில் பிரிட்டனும் பிரான்சும் கனடாவின் கியூபெக்கிலும் அடித்துக்கொண்டன, நம் பாண்டிச்சேரியிலும் அடித்துக்கொண்டன. 1759-ல் கியூபெக் விழுந்தது, 1761-ல் பாண்டிச்சேரி. அந்தப் போரில் கம்பெனி பக்கம் நின்று பேர் வாங்கி, மதுரையை நிர்வாகம் பண்ண வந்தவர்தான் மருதநாயகம் என்ற யூசுப் கான். பிறகு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்தார், பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பாரிசில் சமாதானக் கையெழுத்து 1763 பிப்ரவரியிலேயே ஆகிவிட்டது. மதுரைக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மட்டும் அடுத்த வருஷம் வரை நடந்தது. கூட இருந்தவர்களே பிடித்துக்கொடுத்து, 1764 அக்டோபர் 15-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது கனடாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு காலை நடை

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பெரியார் பஸ் நிலையத்தை ஒட்டி பழைய கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது. அங்கிருந்து ஆரம்பம். நீங்கள் நிற்பது வெளி வீதி. கோட்டைச் சுவர் ஓடிய எல்லை. உள்ளே வந்தால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அகழியும் மதிலும் போன இடத்தில் வந்த தெருக்கள் இவை. அதற்கும் உள்ளே மாசி, ஆவணி மூலம், சித்திரை, ஆடி என்று கோயில் வரை வரிசையாகப் போகும்.

மதிலை இடிக்க வைத்தவர் கலெக்டர் பிளாக்பர்ன். 1840-களில் நடந்த வேலை அது. இடிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டவர்களின் பெயர்கள்தான் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குக் கம்பம்தான் நாம் பஸ் ஸ்டாப்பாகவும் போலீஸ் ஸ்டேஷன் பேராகவும் சொல்லும் விளக்குத்தூண். அங்கே ஐந்து நிமிஷம் நின்று நோட்டில் எழுதுங்கள்: இடது பக்கம், மதுரை மதில் போனது. வலது பக்கம், ஆஸ்திரியப் பேரரசர் வியன்னா நகரத்து மதிலை இடிக்க உத்தரவு போட்டது, 1857. இடித்த இடத்தில் அங்கேயும் நகரத்தைச் சுற்றி அகலமான வீதி வந்தது.

இதற்குக் கோடு உண்டா? வியன்னாக்காரர்கள் மதுரையைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே காரணம் வேலை செய்தது. பீரங்கி வளர்ந்த பிறகு மதில் காக்காது, ஊர் பெருத்த பிறகு மதில் அடைக்கும். இந்த மாதிரி இடத்தில் நேர்க்கோட்டுக்குப் பதில், இரண்டு பக்கத்திலிருந்தும் மேலே ஒரே புள்ளிக்குப் போகும் இரண்டு சாய்கோடு போடுகிறோம். எங்கள் அக்காக்களில் ஒருவர் இதற்கு வைத்த பெயர் கூரைக்கோடு.

விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கிறது. ஒவ்வொரு தூணும் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். மேலே கூரையும் இல்லை, பக்கத்தில் சுவரும் இல்லை. கயிறு கட்டி நைட்டி தொங்கவிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது திருமலை நாயக்கரின் அரண்மனைப் பகுதி என்று தெரிந்த பிறகு மஹாலுக்கு நடந்து பாருங்கள். 1636-ல் கட்டி முடித்த அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருக்கும் என்று கால் சொல்லும். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதில் ஒரு துண்டுதான். அதையும் 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்ததால்தான் பார்க்கிறோம்.

மஹாலுக்குள் யாராவது, "இத்தாலிக்காரன் கட்டினது" என்று சொல்வார்கள். உடனே கோடு போட்டுவிடாதீர்கள். யார் எழுதி வைத்தார், எந்த வருஷம் எழுதினார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பென்சில். ஆனால் நிச்சயமான இத்தாலிக்காரர் ஒருவர் அப்போது மதுரையில் இருந்தார். ராபர்ட் டி நோபிலி, ஏசு சபைப் பாதிரியார், 1606-ல் வந்தவர். காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்துக்கொண்டு வேலை பார்த்தார். சக பாதிரிமார்களே இது அடுக்குமா என்று புகார் எழுதினார்கள். வழக்கு ரோம் வரை போய், 1623-ல் போப் அவர் முறையை அனுமதித்தார். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததும் அதே 1623. முதல் செய்திக்கு மதுரை-ரோம் கோடு தாராளமாகப் போடலாம். இரண்டும் ஒரே வருஷம் வந்தது வெறும் தற்செயல். இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காம் படி: சாட்சிகளை விசாரிப்பது

எல்லாரும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு சாட்சியையாவது நேரில் படியுங்கள். மதுரைக்கு வாய்த்த சாட்சிகள் சாதாரணமானவர்கள் இல்லை.

முதலில் மார்கோ போலோ. 1292-ஐ ஒட்டிப் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசரிடமிருந்து, பாரசீகத்தை ஆண்ட இன்னொரு மங்கோலியருக்கு மணப்பெண்ணாகப் போகும் இளவரசியோடு கப்பலில் போன பயணம் அது. நம் 1258 இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதைச் சொல்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இல்லாமல், வாங்கிய குதிரையில் பெரும்பங்கு வருஷத்துக்குள் செத்துவிடும் என்கிறார். வியாபாரிக்கு அதில் லாபம். குதிரை பிழைத்தால் அடுத்த வருஷம் எவன் வாங்குவான்?

அடுத்து இப்னு பதூதா. மொராக்கோக்காரர். மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், 1344-ஐ ஒட்டி, கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினார். அப்போதைய சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை உறவு. சுல்தானின் மனைவியும் இவர் டெல்லியில் கட்டிய பெண்ணும் அக்கா தங்கை, மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுதீனின் மகள்கள். உறவுக்காரர் வீட்டுக்கு வந்த மனிதர், அந்த உறவுக்காரர் பிடிபட்டவர்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்றதை அருவருப்போடு எழுதி வைத்திருக்கிறார். மதுரை அகலமான வீதிகள் உள்ள பெரிய நகரம் என்றும் சொல்கிறார். ஆனால் அவர் உள்ளே நுழைந்தபோது ஊரில் கொள்ளைநோய். பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் போய்விட்டார்கள். நோய் நொடி இல்லாதவள் என்று உறுதி சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினாராம். மறுநாளே அவள் இறந்துபோனாள். அந்தப் பெண்ணின் பேரைக்கூட அவர் எழுதவில்லை. நாலு வருஷம் கழித்து, 1348-ல், அதே மனிதர் டமாஸ்கஸில் கறுப்புச் சாவைப் பார்க்கிறார்.

கைகள் பரபரக்கும், கோடு போட. போடாதீர்கள். காய்ச்சல் இரண்டும் ஒன்றே என்று சொல்ல அவர் வார்த்தை மட்டும் போதாது. இரண்டையும் பார்த்த கண் ஒன்று என்பது வரைக்கும்தான் நிச்சயம்.

மூன்றாவது சாட்சி கங்காதேவி. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி. கணவர் 1371-ஐ ஒட்டி மதுரையைப் பிடித்ததைச் சமஸ்கிருதக் காவியமாகப் பாடியிருக்கிறார். ஜெயித்த வீட்டின் குரல் அது.

மூன்று பேரிடமும் ஒரே மூன்று கேள்வி கேளுங்கள். நேரில் பார்த்தாரா, கேட்டாரா? யாருக்காகச் சொன்னார்? எப்போது எழுதினார்? மார்கோ போலோ ஜெனோவா சிறையில் சொல்லச் சொல்ல, ரஸ்டிசெல்லோ என்ற கதை எழுதுகிற கைதி எழுதியதுதான் அவர் புத்தகம். இப்னு பதூதாவும் ஊர் திரும்பிய பிறகு இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுத வைத்தார். இரண்டு பெரிய பயணிகளும் தங்கள் கையால் எழுதவில்லை என்றதும் எங்கள் போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். "நானும் முப்பது வருஷம் அடுத்தவங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தவன் சார். சொன்னதுல பாதிதான் எழுதுவோம், சொல்லாததுல கொஞ்சம் சேர்ப்போம்."

ஐந்தாம் படி: அடுப்படி

இந்தப் படி அக்காக்கள் கண்டுபிடித்தது, அதனால் கொஞ்சம் கர்வத்தோடு சொல்வார்கள். 1498-க்கு முன்னால் மதுரை அடுப்படியில் எது இருந்திருக்காது என்று பட்டியல் போடுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, முந்திரி, அன்னாசி. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-ல் கொலம்பஸ் மிளகைத் தேடிப் போய் அமெரிக்காவில் முட்டினார். அங்கே கிடைத்த காரமான காயைப் போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நம் ஆட்கள் அதை மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கினார்கள். தக்காளிச் சட்னி நாயக்கர் காலத்துப் பாரம்பரியம் என்று யாராவது பலகை வைத்தால் உள்ளே போய்ச் சாப்பிடுங்கள், பலகையை நம்ப வேண்டாம்.

அந்தப் பழைய அடுப்படியைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. சில வீடுகளில் திவசத்துக்குச் சமைக்கும்போது மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்க்க மாட்டார்கள். காரத்துக்கு மிளகுதான். வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு என்று போகும். "அது ஆகாது" என்று பாட்டி சொல்வதற்குள் ஐநூறு வருஷத்துக்கு முந்தைய சமையல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சொற்களும் அப்படித்தான். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம், பீப்பாய் எல்லாம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. பெருமாள் மேஸ்திரி வீதியின் மேஸ்திரியும் அவர்கள் சொல்தான். "கையில துட்டு இல்ல" என்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசு. 1658-ல் அவர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். வக்கீல், தாசில்தார், ஜாமீன், ரசீது, பாக்கி எல்லாம் அரபியும் பாரசீகமும் ஆட்சி மொழியாக வந்த வழி. ஒரு வாரம் வீட்டில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, நோட்டின் பின்பக்கம் எழுதி வாருங்கள்.

ஆறாம் படி: ஒரு பொருளின் பின்னாலேயே போவது

இதுவரை வருஷங்களைப் பிடித்துப் போனோம். 1800-க்குப் பிறகு சம்பவங்கள் குவிந்து மூச்சு முட்டும். அப்போது ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரருக்கு நான் சொல்வது பருத்தி.

தெற்கே கரிசல் மண் முழுக்கப் பருத்தி. ஊருக்குள் சௌராஷ்டிரர்களின் சுங்குடி. வலது பக்கம் பாருங்கள்: பிரிட்டனின் மான்செஸ்டர் பக்கம் நீராவியால் ஓடும் நூற்பாலைகள். அவற்றுக்குப் பஞ்சு பெரும்பாலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து, கறுப்பின அடிமைகள் பறித்துக் கொடுத்தது. 1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் வந்தது. வட மாநிலக் கடற்படை தெற்கின் துறைமுகங்களை மறித்தது. மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்து ஆலைகள் பஞ்சில்லாமல் படுத்தன. பம்பாயிலும் தூத்துக்குடியிலும் பஞ்சு விலை எகிறியது. அடிமைமுறையை எதிர்த்து நடந்த ஒரு போர், கரிசல் காட்டுச் சம்சாரியின் மடியில் கொஞ்ச நாள் காசு போட்டது. 1865-ல் போர் முடிந்ததும் விலையும் இறங்கியது. இந்தக் கோட்டைப் பேனாவிலேயே போடலாம்.

1869-ல் சூயஸ் திறந்தது. 1870-களின் நடுவில் ரயில் மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குப் போனது. ரயில் வந்த சூட்டோடு 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம். இதே வருஷங்களில் வட சீனாவிலும் பிரேசிலிலும் பயிர் காய்ந்து ஜனம் செத்தது. பசிபிக் கடல் சூடேறி மழை தப்பியதுதான் மூன்றுக்கும் மேலே உள்ள புள்ளி. ஆனால் மழை தப்பியது மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டால் நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன். ஊரில் ஜனம் பட்டினி கிடக்க, துறைமுகத்திலிருந்து தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்ததையும் பக்கத்தில் எழுத வேண்டும். பஞ்சத்தால் எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போயின. மேற்கே ஓடி வீணான பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கும் அப்புறம்தான் வேகம் வந்தது. பென்னிகுக் அணையை முடித்து 1895-ல் தண்ணீர் வந்தது. மேலூர்ப் பக்கம் இன்றைக்கும் நெல் விளைகிறதென்றால் அதனால்தான்.

1890-களில் ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் எழுந்தது. மதுரா மில் என்றால் எல்லாருக்கும் தெரியும். லங்காஷயரின் சங்கு மதுரையிலேயே ஊத ஆரம்பித்தது. அப்புறம் 1921. அந்நியத் துணியை விடச் சொல்லிக்கொண்டு வந்த காந்தி, கதர் வாங்கவே வழியில்லாத ஏழை என்ன செய்வான் என்ற கேள்வியோடு மதுரைக்கு வந்தார். செப்டம்பர் 22-ஆம் தேதி, மேல மாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து இடுப்பில் அரைவேட்டியோடு வெளியே வந்தார். அந்த வீட்டில் இப்போது கதர்க்கடை இருக்கிறது, போய்ப் பாருங்கள். பிறகு ஆற்றைத் தாண்டி, தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி மியூசியத்துக்குப் போங்கள். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பருத்தியின் பின்னால் கிளம்பி அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

1919, 1920 விரிப்பை மட்டும் தவறவிடாதீர்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு கொரியாவில் மார்ச் இயக்கம், எகிப்தில் கிளர்ச்சி, அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக், சீனாவில் மே நான்கு மாணவர் போராட்டம். எல்லாம் 1919. இடது பக்கம் 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்று ஒரு பெண். கோடா, கூரைக்கோடா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். எங்கள் மாடியில் இன்னும் தீரவில்லை.

என்ன படிப்பது, எவ்வளவு நாள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களே போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வரலாற்றுப் பகுதி முதலில், அப்புறம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒரு பாடம் என்றால் சுமார் ஒரு வருஷத்தில் முடியும். பெரிய புத்தகங்களுக்கு நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதியம் தூக்கம் வரும் அளவுக்கு ஏசி, காலையிலேயே போய்விடுங்கள். உலகப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மதுரையில் குண்டூசி குத்தி நூல் கட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வரலாறு எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள், பென்சிலில்கூட வேண்டாம்.

கடைசிப் படி: வீட்டுப் பெரியவர்கள்

1940-களுக்கு வந்துவிட்டால் சாட்சிகள் தெருவிலேயே இருப்பார்கள். சீக்கிரம் போய்க் கேளுங்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எங்கள் அக்கா ஒருவர் திருமங்கலத்தில் இருக்கும் தன் அம்மாச்சியிடம் கேட்டு வந்தார். 1942-ல் சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில். பர்மாவிலிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியே நடந்து வந்தார்கள். அம்மாச்சி குடும்பமும் அதில் ஒன்று. அப்போது அவருக்கு இரண்டு வயது. இடுப்பில் தூக்கி வந்தார்களாம். பின்னால் நடந்த அண்ணன் வந்து சேரவில்லை. கையில் மிஞ்சியது ஒரு சின்ன அரக்குக் கிண்ணம். அக்கா அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். கறுப்பு நிறம், விளிம்பில் சிவப்பு, ஓரம் உதிர்ந்திருந்தது.

இடது பக்கத்தில், "அம்மாச்சி, ரங்கூன்லேர்ந்து நடை" என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தார். போஸ்ட்மாஸ்டர்தான் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"அவங்க ஆத்தா சொன்னதுதான் சார்."

"அப்ப ஒரு சாட்சிதான்."

அக்கா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலால் லேசாகக் கோடு போட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அம்மாச்சி கூடவே நடந்து வந்த இன்னொரு பாட்டி கள்ளிக்குடிப் பக்கம் இருக்கிறாராம், பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.